பாய்லருக்குக் கிடைத்த இடம்

போன மாதம் முகப்பேரில் என் மகன் வீட்டுக் குளியலறையில் ஹீட்டர் மாட்ட ஓர் ஆள் வந்தான். ஹவுசிங் போர்டு கட்டிக்கொடுத்த பழைய வீடு. குளியலறை என்று பெயர்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து காலைத் தேய்க்க முடியாது, முழங்கை சுவரில் இடிக்கும். வந்தவன் ஹீட்டரை இரண்டு கையாலும் தூக்கிக் கதவுக்கு மேலே வைத்துப் பார்த்தான். ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தான். பிறகு அதைக் கீழே இறக்கிவிட்டு என்னிடம் வந்து நின்றான்.

"கதவுக்கு மேல வச்சா சிலாப்பு இடிக்குது. இந்தாண்ட வச்சா குளிக்கிறவங்க தலையில முட்டும். எங்க ஆயா மாட்றது?"

"என்னை ஏம்ப்பா கேக்குற? எனக்கு அது வேணாம்" என்றேன்.

மருமகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உங்க மூட்டு வலிக்குன்னுதான் அத்தை வாங்கினதே" என்றாள். நல்ல பெண்தான், குற்றம் சொல்லக் கூடாது. அந்த ஆள் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்கக்கா, எடம் பண்ணிடலாம்" என்று அவளிடம் சொன்னான்.

எடம் பண்ணிடலாம். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு வாயெல்லாம் கசந்தது. நான் பாவாடை கட்டிய வயதில் எங்கள் நைனா இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

என் அக்கா போன தை மாதம்தான் காலமானாள். சாகிற வரையில் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தாள். மார்கழி மாதத்துப் பனியிலும் பச்சைத் தண்ணீர்தான். காய்ச்சல் வந்தால் குளிக்காமல் கிடப்பாளே தவிர, வெந்நீரைத் தொடமாட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் "எனக்கு ஒத்துக்காது" என்று ஒரே பதில். எப்படி ஒத்துக்கொள்ளாமல் போயிற்று என்று தெரிந்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் திருவேற்காட்டுக்குப் பக்கத்தில். அப்போது நெல் வயலும் கீரைப் பாத்தியும் இருந்தன. நைனாவுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கமாட்டார் என்ற மரியாதை. மண்வெட்டியை யாராவது இரவல் வாங்கிப் போய் ஒரு மாதம் வைத்திருந்தாலும் வாயைத் திறக்கமாட்டார். அம்மாதான் பின்வழியாகப் போய், அந்த வீட்டுப் பெண்களிடம் நயமாகப் பேசி, மண்வெட்டியை வாங்கி வருவாள். நைனாவின் பெருமைக்கு அம்மாவின் கால் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு மாப்பிள்ளை ஆவடியில் கிடைத்தார். பாக்டரியில் வேலை. அப்பா இல்லாத பிள்ளை, கூடப் பிறந்தவர்களும் இல்லை, அம்மா மட்டும். சின்னதாக ஒரு சொந்த வீடு. நைனாவும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார்கள். போய் வந்து, தரை சிமென்ட் போட்டு வழவழவென்று இருக்கிறது, ரேடியோ இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது என்று சொன்னார்.

"பின்னாடி எப்டி கீது? குளிக்கிற எடம் மறைவா கீதா?" என்று அம்மா கேட்டாள்.

"பொம்பளைங்க பொழங்குற எடத்துல போயி நான் எட்டிப் பாக்குறதா? இன்னா பேச்சு பேசுற?"

எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோருக்கும் இதே வழக்கம்தான். பெண்ணைக் கொடுக்கப் போகிற வீட்டின் முன் அறையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். பெண் பொழுது முழுக்க எங்கே நிற்கப் போகிறாளோ, எங்கே குளிக்கப் போகிறாளோ, அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதுகூட அசிங்கம்.

அந்த வருஷம் எங்கள் பங்காளி ஒருவர் தன் மகளுக்குப் பெரிய பித்தளைத் தவலை சீர் வைத்திருந்தார். அது நைனாவின் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாத்திரம் பண்டம் என்று எதுவும் கேட்கவில்லை. கேட்காததால்தான் நைனா செப்பு பாய்லர் வாங்கினார். கேட்டுக் கொடுப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

பூந்தமல்லியில் பாத்திரக்கடை பாயிடம் போனபோது என்னையும் கூட்டிப் போனார். அந்த பாய்லரை முதன்முதலாகப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று காலில் நின்றது. என் கழுத்து உயரம் இருந்தது. நடுவில் ஒரு குழாய், அதில் மேலேயிருந்து கரியைப் போட வேண்டும். கரியைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றப் புனல், எதிர்ப்பக்கம் திருகு குழாய். இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துப் பார்த்தேன், விரல்கள் எட்டவில்லை. செம்பில் என் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கித் தெரிந்தது.

"ஊடு பெரிசா அண்ணே?" என்று பாய் கேட்டார். "இது குந்துறதுக்குத் தாராளமா எடம் வோணும். மேல கரி போடணும், கீழ சாம்பல் அள்ளணும். சொம்மா மூலையில தள்ளி வைக்கிற சாமான் இல்ல."

"எம் பொண்ணு போற ஊடு கலெக்டரு ஊடு மாறி கீது பாய். நீ பேர வெட்டு."

"பொண்ணு பேர் சொல்லுங்க."

"எம் பேர வெட்டு. குடுத்தவன் யாருன்னு தெரிய வாணாமா?"

பாய் சிரித்துக்கொண்டே உளியை எடுத்தார். புள்ளி புள்ளியாக நைனாவின் பெயர் செம்பில் ஏறியது. நான் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி உரக்கப் படித்தேன். சிலேட்டுக்கு வெளியே நான் முழுசாகப் படித்த முதல் பெயர் அதுதான்.

கல்யாணத்தன்று சீர் வண்டியில் பாய்லரை நடுவில் நிறுத்தி, சிவப்புத் துணி சுற்றி, மாலை போட்டிருந்தார்கள். ஆவடித் தெருவில் ஒருவர், "இன்னா சாமிடா இது, புதுசா கீது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். அவருக்கு அது பாராட்டாகவே பட்டது.

அக்காவின் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உயரம், வெள்ளைப் புடவை, நெற்றியில் விபூதி. நலங்கு வைத்தபோது தூணுக்குப் பின்னால் தள்ளி நின்றார். அந்தக் காலத்தில் புருஷனை இழந்தவர்கள் மஞ்சள் கிழங்கைத் தொடமாட்டார்கள். அம்மா போய்க் கூப்பிட்டதற்கு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எங்க ஊட்டுக் கல்லுல மஞ்ச ஒரசி எத்தினி வருசம் ஆச்சி தெரியுமா? இனிமே உம் பொண்ணு வந்து ஒரசட்டும். நான் பாத்துகினு இருந்தா போதும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு மாமியாரா என்று ஊர் முழுக்கச் சொன்னாள்.

பாய்லரை இறக்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. முன் அறை, சமையல் அறை, இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கின வழி, பின்னால் குளிக்கிற தடுப்பு. அவ்வளவுதான் வீடு. பாய்லர் அந்த வழியில் நுழையும், ஆனால் தடுப்புக்குள் போனால் அது மட்டும்தான் இருக்கலாம், மனுஷர் நிற்க முடியாது. கொஞ்ச நேரம் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு முன் அறையிலேயே ஒரு மூலையில் நிறுத்தினார்கள். "கெடக்கட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்றார் மாமியார்.

ஆடி பிறந்ததும் முறைப்படி நைனா போய் அக்காவை அழைத்து வந்தார். புதுப்பெண் ஆடி மாதம் முழுக்கத் தாய்வீட்டில் இருந்துவிட்டு ஆவணியில் திரும்ப வேண்டும். அக்கா இளைத்திருந்தாள். ஒரு துணிப்பை மட்டும் கொண்டுவந்திருந்தாள். எனக்கு அவளிடம் கேட்க ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. மத்தியானம் அவள் கிணற்றடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன்.

"பாய்லர்ல குளிச்சியாக்கா? சுடுதா?"

"அது முன்னாடி ரூம்புல கீது. அதுல யாரு குளிப்பா?"

"நீ எங்க படுத்துக்குவ?"

"அதும் பக்கத்துலதான். ஒரு பாய் போடுற எடம் கீது."

"மாமா?"

"அவருக்கு நைட்டு டூட்டி."

"தினிக்குமா?"

"தினிக்கும்." கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டாள். "தூக்கத்துல கை பட்டா சில்லுனு கீது, பாப்பா. செம்பு இல்ல?"

எனக்குப் பொறாமையாக இருந்தது. பளபளவென்று மின்னுகிற ஒரு பொருளின் பக்கத்தில் படுத்துத் தூங்குவது எவ்வளவு பெரிய விஷயம்! எனக்குக் கிடைத்ததெல்லாம் நெல் மூட்டையின் பக்கம்தான்.

ஆவணி பிறந்தது. அங்கிருந்து யாரும் வரவில்லை. அம்மா தினமும் வாசலைப் பார்த்தாள். கடைசியில் நைனா தானே ஆவடிக்குப் போனார். திரும்பி வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ சின்ன விஷயம் போலச் சொன்னார்:

"பாய்லருக்கு எடம் இல்லியாம். அதான் பிரச்சினை."

"அதுக்கும் பொண்ணு போறதுக்கும் இன்னா?"

"நடு ஊட்ல நந்தி மாறி நிக்குது, கால் வைக்க முடியல, மொதல்ல அத எடுத்துகினு போங்க, அப்பால பொண்ண பத்திப் பேசலாம்ன்றாங்க."

"அப்போ எடுத்துகினு வந்துடுங்களேன்" என்றாள் அம்மா. "நமக்கு இன்னா போச்சி? பொண்ணு வாழ்ந்தா போதும்."

நைனாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "சீர் குடுத்த சாமான் வண்டியில திரும்பி வந்து எறங்குனா ஊரு இன்னா பேசும்? மானத்தோட பேசறியா நீ? என் பேரு வெட்டின சாமான் அது. திரும்பி வராது. நான் எடம் பண்ணிக் குடுக்கிறேன்."

"ஒரு பாய்லருக்காகவா பொண்ண நிறுத்தி வைப்பாங்க? நீங்க மாப்பிள்ளைய பாத்தீங்களா?"

"டூட்டிக்குப் போயிருந்தாரு."

"நைட்டுதான டூட்டி? நீங்க பகல்ல இல்ல போனீங்க?"

நைனா எழுந்து கால் கழுவப் போய்விட்டார். அக்கா சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். அக்கா உள்ளே போய்ச் சோற்றை வடித்தாள்.

எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது போலிருந்தது. பாய்லர் பெரிசு, இடம் சின்னது. அவ்வளவுதான். அடுப்புக்கரியால் வாசலில் பாய்லர் அளவுக்கு ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் அக்காவை நிற்கவைத்து, அவளையும் சுற்றிக் கோடு போட்டேன். "ரெண்டு பேரும் எவ்ளோ எடத்துல நிக்கிறீங்க பாரு, சொம்மா சண்ட போடுறாங்க" என்று அவளிடம் சொன்னேன். அக்கா சிரித்தாள். அந்த ஆவணியில் அவள் சிரித்தது அது ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

நைனா ஊர்க் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு ஆவடிக்கு நடையாய் நடந்தார். வயலில் வேலை அப்படியே கிடந்தது. தடுப்பின் பின்சுவரை இடித்து, பாய்லர் பாதி உள்ளே போகிற மாதிரி ஒரு பொந்து கட்டினார்கள். அதைக் கட்டி முடித்ததும், "கூர இவ்ளோ தாழ்வா கீதே அண்ணே, மேல கரி எப்டிப் போடுறது?" என்றார் சம்பந்தியம்மா. கூரையைப் பிரித்து, இரண்டு வரிசை செங்கல் வைத்துத் தூக்கினார்கள். அடுத்த முறை போனால், புகை சமையல் அறைக்குள் வரும் என்றார். புகைக்குச் சந்து விட்டார்கள். அடுத்து, கதவு முழுசாகத் திறக்காது என்றார். கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் காபி கொடுத்தார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. நைனா வீட்டுக்கு வந்து, "அந்த அம்மா சொல்றதுலயும் ஞாயம் கீது" என்பார். அவருக்கு அந்த வேலையில் ஒரு ருசி வந்துவிட்டது. எந்த இடைஞ்சலைச் சொன்னாலும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிற கெட்டிக்காரர் அவர்.

கொத்தனார்தான் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேலி பண்ணுவாராம்: "அண்ணாத்தே, நீ பொண்ண கட்டிக் குடுத்தியா, பாய்லர கட்டிக் குடுத்தியா? ரெண்டுல எதுக்கு இப்போ ஊடு பாக்குறோம், அத்த சொல்லு." நைனாவே இதை வீட்டில் சொல்லிச் சிரித்தார். அக்கா காதில் விழும்படிதான் சொன்னார்.

கடைசி நாள் என்னையும் கூட்டிப் போனார். பாய்லரைத் தூக்கி உட்காரவைத்துச் சுற்றிலும் பூசிவிட்டால் வேலை முடிந்தது. பூச்சு கொஞ்சம் காய்ந்ததும் அன்றைக்கே அடுப்பையும் பற்றவைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று, அன்றைக்கு முதல் பஸ்ஸிலேயே கிளம்பினோம். மற்ற நாளெல்லாம் வெயில் ஏறின பிறகுதான் போவார்கள். சோற்றுத் தூக்கைச் சுமப்பது என் வேலை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தெருவில் அப்போதுதான் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நைனா கதவைத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறந்தது. சம்பந்தியம்மா கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வழியை அடைத்த மாதிரி நின்றார்.

"இன்னாண்ணே, இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்க? பாப்பா கூட வந்துகீது" என்று உரக்கச் சொன்னார். எங்களுக்குச் சொல்வதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. பின்பக்கம் கதவு ஒன்றைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் விலகி, "வாங்க, உள்ள வாங்க" என்றார்.

நான்தான் முதலில் பின்னால் ஓடினேன். நைனா கட்டின இடத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. தடுப்புக்குள் தரை முழுக்க ஈரம். வாசனைச் சோப்பின் மணம் அடித்தது. குளிக்கிற கல்லின் மேல் மஞ்சள் உரசிய தடம், வட்டமாக, பளிச்சென்று, இன்னும் நீர் சொட்டிக்கொண்டு இருந்தது. ஓரத்தில் கொட்டைப்பாக்கு அளவு மஞ்சள் துண்டு ஒன்று கிடந்தது.

கொத்தனார் என் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். வாயில் ஏதோ கேலி வைத்துக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார். நைனாவைத் திரும்பிப் பார்த்தார்.

நைனா கல்லைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொட்டியில் சொம்பை முக்கி எடுத்துக் கல்லின் மேல் ஊற்றினார். இன்னொரு சொம்பு ஊற்றி, உள்ளங்காலால் அழுத்தித் தேய்த்தார். மஞ்சள் தண்ணீர் ஜலதாரையில் ஓடியது. அந்தத் துண்டையும் காலால் தள்ளிவிட்டார்.

"வழிய வுடு பாப்பா. மேஸ்திரி, சிமிட்டி கலக்கு. நேரம் ஆவுது" என்றார்.

"ரோசன பண்ணிக்கோ அண்ணாத்தே" என்றார் கொத்தனார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"கலக்குன்றேன் இல்ல?"

முன் அறையிலிருந்து பாய்லரை நகர்த்தினார்கள். அதன் பின்னால், சுவருக்கும் செம்புக்கும் நடுவில், சுருட்டின பாய் ஒன்று நின்றது. பக்கத்தில் அக்காவின் மரச்சீப்பு, சின்னக் கண்ணாடி, ஒரு குங்குமச் சிமிழ். கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்தவை. நான் சந்தோஷமாகப் பொறுக்கினேன்.

"எடுத்துகினு போயி அக்காகிட்ட குடு பாப்பா" என்றார் சம்பந்தியம்மா.

"வெச்சிடு" என்றார் நைனா. "அவளே இங்க வரப்போறா. எதுக்குத் தூக்கினு போயி தூக்கினு வர?"

நான் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அவற்றைச் சுவரோரமாகத் திரும்ப வைத்தேன். சம்பந்தியம்மா காபி போடப் போனார்.

பாய்லர் அந்தப் பொந்துக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நைனாவின் பெயர் வெட்டின பக்கம் வெளியே தெரிகிற மாதிரி பார்த்துத் திருப்பி வைத்தார். சுற்றிலும் பூசினார்கள். கரி போட்டுப் பற்றவைத்தார்கள். புகை, விட்ட சந்து வழியாக ஒழுங்காக வெளியே போயிற்று. குழாயைத் திருகி என் கையில் பிடிக்கச் சொன்னார்.

"சுடுதா?"

"சுடுது நைனா" என்று கையை உதறினேன்.

அவர் தன் கையை நீட்டவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன் அறைக்கு வந்தார்.

"எடம் ஆயிடுச்சி சம்மந்தியம்மா. பொண்ண என்னைக்குக் கொண்டாந்து வுடட்டும்?"

"நல்ல நாளா பாத்துச் சொல்லி அனுப்பறேன் அண்ணே."

"மாப்பிள்ளைய விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்றார் நைனா. வாசலில் செருப்பைத் தேடினார். அது அவர் காலில்தான் இருந்தது.

நல்ல நாள் வரவே இல்லை. புரட்டாசி போயிற்று, ஐப்பசியில் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வரவில்லை. தையிலும் யாரும் வரவில்லை. அதன் பிறகு அம்மா வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். அக்கா பக்கத்து ஊர்களுக்குக் கீரைக்கூடை சுமந்து விற்றாள். எனக்குக் கல்யாணம் பண்ணிவைத்தாள். அம்மாவையும் நைனாவையும் கடைசி வரை பார்த்தாள். நைனாவோ, ஊரில் யார் வீட்டுச் சீர் பேச்சு வந்தாலும், "எங்க ஊட்டுல குடுத்த சாமான் ஒண்ணும் திரும்பி வந்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சோறு போடுகிற அக்கா பக்கத்தில்தான் நிற்பாள். அவளை அவர் திரும்பி வந்த கணக்கில் சேர்க்கவே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி, மறுநாள் விடிகாலையில் என் புகுந்த வீட்டுக் கல்லில் நானே மஞ்சள் உரசினேன். உரசின கை அப்படியே நின்றுவிட்டது. மஞ்சள் தொடாத மாமியார் ஒருத்தர். மஞ்சள் உரச வேண்டிய மருமகள் எங்கள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்படியானால் அந்தக் கல்லில் மஞ்சள் உரசியது யார்? நைனா இடம் பண்ணிக் கொடுத்தது யாருக்கு? அவர் பெயரைப் பார்த்துக்கொண்டு அத்தனை வருஷம் வெந்நீரில் குளித்தவள் யாரோ, அவள் முகம்கூட எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விகளை நான் நைனாவிடம் கேட்கவில்லை. அவர் மகள்தானே நானும். எனக்கும் மானம் பெரிசாக இருந்தது.

ஆனால் அந்தக் கடைசி நாள் சாயங்காலம் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பஸ்ஸிலிருந்து இறங்கினதும் நைனாவை விட்டுவிட்டு ஓடினேன். அக்கா கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பாய்லர் எப்படிப் போய் உட்கார்ந்தது, புகை எப்படிப் போயிற்று, தண்ணீர் எவ்வளவு சூடு. அவள் கையிலிருந்த சாம்பலோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்நேரத்துக்குப் போனீங்க?"

"மொத பஸ்ஸு. சாணி தெளிச்சிகினு இருந்தாங்க."

"குளிக்கிற கல்லு காஞ்சி இருந்திச்சா, பாப்பா?"

"இல்லியே. ஈரமா இருந்திச்சி. மஞ்சளா இருந்திச்சி. நைனாதான் தண்ணி ஊத்திக் கழுவிவுட்டாரு."

"நைனாவா?"

"ஆமா. காலால தேச்சிக் கழுவினாரு. அப்பாலதான் சிமிட்டி கலக்கினாங்க."

அக்கா தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தாள். நைனா அப்போதுதான் உள்ளே நுழைந்தார். அவளைப் பார்த்து, "எடம் ஆயிடுச்சிம்மா" என்றார். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

அக்கா கையைக் கழுவினாள். கொண்டையை அவிழ்த்தாள். கிணற்றில் வாளியை இறக்கி, சேந்தி, கட்டின புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். திரும்பவும் இறக்கினாள், திரும்பவும் ஊற்றிக்கொண்டாள். அன்றைக்குச் செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. சீயக்காய் இல்லை, எண்ணெய் இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, காற்று வேறு. அம்மா சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தவள், கிணற்றடிக்கு வராமல் பாதியிலேயே நின்று, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஏன் தடுக்கமாட்டேன் என்கிறாள் என்று எனக்கு அம்மாவின் மேல் கோபம் வந்தது.

நான் ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துண்டை எடுத்து வந்து, நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போதும்க்கா, சளி புடிக்கும். இன்னும் கொஞ்ச நாள்தான? அங்க போயிட்டா தினிக்கும் வெந்நீர்லயே குளிக்கலாம். நான் கை வெச்சிப் பாத்தேன், நல்லா சுடுது" என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.